முந்நூறு ஆண்டும் ஒரு ரஜ்ஜுவும்

நான் கட்டிக்கொள்ள விரும்பிய பெண்ணின் அப்பாவைப் பொறுத்தவரை ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகள் நடக்கவே இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் படுத்துத் தூங்கினார்கள்; கண் விழித்தபோது பத்தாம் நூற்றாண்டு. நடுவில் உள்ள அரசர்கள், போர்கள், தேவாலயங்கள் எல்லாம் நாலைந்து பாதிரியார்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய கதை. இதை அவர் மலேசியாவின் பத்து பாகாட் ஊரில், தன் வீட்டு ஹாலில், சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்றே சொன்னார்.

"நீர் என்ன படிச்சனீர்?" என்று கேட்டார்.

"வரலாறு, அங்கிள்."

"எந்த வரலாறு? நடந்ததோ, நடக்காததோ?"

நான் சிரித்தேன். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்புத்தான். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு வகையில் சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டுகிறார். நான் பல்கலைக்கழகம் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் டாக்டரா, வக்கீலா என்று கேட்டார்கள். வரலாறு என்றதும் அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள். பட்டம் வாங்கி இப்போது தெப்ராவிலேயே ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்களுக்கு வரலாறு என்பது பரீட்சைக்கு முந்தின வாரம் "சார், ஸ்பாட் குடுங்க சார்" என்று கேட்கிற பாடம். எந்தக் கேள்வி வரும் என்று நான் குறித்துக் கொடுத்தால் போதும், மற்ற நூற்றாண்டுகளையெல்லாம் அவர்களே ரத்து செய்துவிடுவார்கள். அந்த வகையில் பார்த்தால் அவள் அப்பாவின் கட்சிக்கு ஜொகூரில் ஆள்பலம் உண்டு.

அவளைப் பல்கலைக்கழகத்திலிருந்தே தெரியும். காப்புறுதிக் கணக்குப் படித்தவள். கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, இரண்டாம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். யார் எந்த வயதில் சாகக்கூடும், எவன் காரைக் கொண்டுபோய் எதில் மோதுவான் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கிற வேலை. மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்வதில் அவள் தவறி நான் பார்த்ததில்லை. அன்று பத்து பாகாட்டுக்குப் போகும்போது காரிலேயே எச்சரித்தாள்.

"அப்பா ஏதாவது சொன்னா தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறக்காத."

"எதப் பத்திச் சொல்லுவாரு?"

"யூடியூப்ல என்ன வந்துச்சோ அதப் பத்தி."

அவர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் முதலில் வாசலில் செடி வைக்கிறார்கள். பிறகு சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதற்கப்புறம் மகன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியில் யூடியூப் பார்க்கிறார்கள். செடி காய்ந்துவிடுகிறது. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு காகிதத்திலும் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர், ஓய்வு பெற்றதும் தேதிகளையே நம்பாமல் போனதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கதை இப்படி. ஒரு சக்கரவர்த்திக்கும் ஒரு போப்பாண்டவருக்கும் ஆயிரமாம் ஆண்டில் பதவியில் உட்கார்ந்திருக்க ஆசை. அந்த ஆண்டு வருவதற்கு இன்னும் முந்நூறு ஆண்டு இருந்தது. காத்திருக்க முடியவில்லை. காலண்டரை முன்னே தள்ளிவிட்டார்கள். இங்கே பழைய கார் விற்கிறவர்கள் மீட்டரைப் பின்னால் தள்ளுவார்கள். அவர்கள் முன்னால் தள்ளினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தள்ளியதில் விழுந்த ஓட்டையை அடைக்க அரசர்களும் போர்களும் தேவைப்பட்டன. எழுதினார்கள். இதற்கு ஆதாரம் உண்டோ என்றால், உண்டு. பழைய நாட்காட்டி ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு ஒரு நாள் பிசகுமாம். பதினாறாம் நூற்றாண்டில் அதைத் திருத்தியபோது பதின்மூன்று நாளை வெட்டியிருக்க வேண்டுமாம், பத்து நாளைத்தான் வெட்டினார்களாம்.

"மிச்சம் மூண்டு நாள் எங்க, தம்பி? மூண்டு நாளுக்கு முந்நூறு வருஷம். கணக்குச் சரியாய் வருதோ இல்லையோ?"

நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினால் ஒரு டம்ளர் காப்பியோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு இதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்த ஒன்றையும் பொய் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லும்போது தலை ஆடமாட்டேன் என்கிறது.

"அவங்க நாட்காட்டியை முதல்ல போட்ட காலத்துக்குத் திருப்பல, அங்கிள். நாலாம் நூற்றாண்டுல பாதிரிமார் கூடி ஈஸ்டருக்குத் தேதி குறிச்சாங்கல்ல, அந்தக் காலத்துக்குத் திருப்பினாங்க. அதுக்குப் பத்து நாள் போதும்."

அவர் புருவத்தை உயர்த்தினார். நான் நிறுத்தவில்லை. அந்த முந்நூறு ஆண்டில் பிடித்த கிரகணங்களைச் சீனாக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். பல்லவர்கள் மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்ததும் அதே காலந்தான் என்றேன்.

"அது எங்கட கணக்கு, தம்பி. எங்கட வருஷம் எல்லாம் சரி. வெள்ளைக்காரன்ட வருஷந்தான் பிழை."

ஆக, மாமல்லபுரத்தில் விடிந்த சூரியன் முந்நூறு வருஷம் ஐரோப்பாப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. இதையும் வாய்விட்டுச் சொன்னேன். அவள் சமையலறை வாசலில் நின்று உதட்டைக் கடித்தாள். அதோடு விட்டிருக்கலாம்.

"முஸ்லிம்களோட ஹிஜ்ரி ஆண்டு தொடங்கினதும் அந்த முந்நூறுக்குள்ளதான், அங்கிள். உங்க பின்னால மாட்டியிருக்கிற காலண்டர்லயே கீழ சின்னதாப் போட்டிருக்கு. அது நடக்கலன்னு காப்பிக்கடையில உக்காந்து சொல்லிப் பாருங்க."

அவர் மெதுவாகத் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

"நான் ஐரோப்பாவை மட்டுந்தான் சொல்றன்," என்றார் குரலைத் தாழ்த்தி.

தர்க்கத்தில் எனக்கு வெற்றி. திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் ஊர் வரைக்கும் அவள் ரேடியோ நிலையங்களை மாற்றிக்கொண்டே வந்தாள். பிறகு, "நீ ஜெயிச்சிட்ட லா," என்றாள். "சந்தோஷமா இரு. தனியாவே இரு."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அது நடந்துவிடக்கூடியதுதான். அவளைத் தவிர வேறு ஒருத்தியை நான் நினைத்ததில்லை. அவள் அப்பா சம்மதிக்காமல் அவள் கட்டிக்கொள்ளவும் மாட்டாள். இதை அவள் முதல் வருஷத்திலேயே சொல்லியிருந்தாள். பயத்தால் அல்ல. "அவரு பேசாம இருந்தா எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடாம இருப்பாங்க. அதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்பது அவள் சொன்ன காரணம். அவர் ஆமாம் என்றால் கல்யாணம். இல்லை என்றால் இல்லை.

அவர் இல்லை என்று சொல்வதற்குக் காலண்டர் காரணமாக இருக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் இலங்கைத் தமிழர்கள். அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து பேனா பிடிக்கக் கப்பலேறி வந்தவர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி. என் தாத்தா அப்படிப்பட்ட ஒரு கிராணி விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது "ஐயா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரத்தைத் தேடிப் போனவர். தாத்தாக்கள் இருவரும் செத்து நாளாகிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பேர் கூப்பிடுகிற குரல் இன்னும் சில வீட்டு ஹால்களில் இருக்கிறது.

சில மாதம் கழித்து நான் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு முறையாகப் பெண் கேட்கப் போனேன். அம்மா காஞ்சிபுரம் கட்டிக்கொண்டார். அப்பா, தொழிற்சாலை ஆண்டு விருந்தில் கொடுத்த பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டார். தட்டில் பழம், வெற்றிலை, பூ, சீனி. அவள் அப்பா எங்களை மிகவும் மரியாதையாக வரவேற்றார். "வாங்கோ, இருங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"நீங்கள் எந்தப் பகுதி ஆக்கள்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"தெப்ராவ் பகுதிதாங்க," என்றார் அப்பா. "ஜயண்ட் சூப்பர்மார்க்கெட் இருந்துச்சே, அதுக்குப் பின்னால."

அப்பாவுக்குக் கேள்வி புரியாமல் இல்லை. நாற்பது வருஷம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களோடு குப்பை கொட்டியவர். ஃபோர்க்லிஃப்டைத் திருப்புவதுபோல் கேள்வியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டார். அவள் அப்பா கையை நீட்டி, "சரி, சாதகத்தைத் தாங்கோ, பாப்பம்," என்றார்.

பார்த்தார். ஜோசியரிடமும் காட்டினார். நேரில் சொல்லவில்லை. அவள்தான் கூப்பிட்டுச் சொன்னாள். ரஜ்ஜு தட்டுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தேழு நட்சத்திரங்களையும் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஐந்து கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் பிறந்திருந்தால் ரஜ்ஜு பொருத்தம் இல்லை. கட்டி வைத்தால் தாலிக்கு ஆபத்து என்பார்கள். மற்ற ஒன்பது பொருத்தம் இருந்தும் இது ஒன்று இல்லாவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. நான் சித்திரை. அவள் மிருகசீரிடம். இரண்டும் தலைக் கூட்டம்.

அம்மா இடிந்துபோய் உட்கார்ந்தார். "சித்திரையில பெத்தது என் குத்தமா? டாக்டர் அன்னிக்குத்தானே ஆபரேஷன் பண்ணாரு."

"ஒரு நாள் தள்ளிப் பண்ணச் சொல்லியிருக்கலாம்ல," என்றார் அப்பா.

"வலியெடுத்தவ நானா நீங்களா?"

நான் சிரிக்கவில்லை. என் கோபம் வேறு. ஐரோப்பாவின் அத்தனை பாதிரியார்களும் பொய்யர்கள் என்று சொல்கிற மனிதர், பத்து பாகாட்டு ஜோசியர் ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொன்ன ஒரு வரியை அப்படியே நம்புகிறார். மூன்று கண்டங்களில் எழுதி வைத்த கல்வெட்டும் காசும் கிரகணமும் அவருக்குப் போதவில்லை. நான் பிறந்த நேரத்தைச் சுல்தானா அமீனா மருத்துவமனைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாதி எழுதினாளே, அது மட்டும் கல்லில் வெட்டிய உண்மை. சந்தேகத்தை எங்கே அவிழ்த்துவிட வேண்டும், எங்கே கட்டிப்போட வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர் "தோட்டத்து ஆக்கள்" என்று சொல்ல விரும்பவில்லை. படித்தவர். "ரஜ்ஜு" என்று சொன்னார்.

இதையெல்லாம் நான் அவளிடம் ஃபோனில் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டாள்.

"பஞ்சாங்கத்துல அயனாம்சம் அயனாம்சம்னு கழிக்கிறாங்களே, அது வருஷத்த எண்ணித்தானே?"

எனக்கு அது தெரிந்திருந்தது. அவள் அப்பாவை மறுக்கப் படித்தபோது தெரிந்துகொண்டதுதான். சூரியன் பாதையின் தொடக்கப்புள்ளி நட்சத்திரங்களுக்கு எதிரே ஆண்டுக்கு ஆண்டு இம்மி இம்மியாகப் பின்னால் நகர்கிறது. அந்த நகர்வைக் கழித்த பிறகுதான் பிறந்த நேரத்துச் சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நின்றான் என்று சொல்ல முடியும். கழிக்கிற அளவுக்குப் பெயர் அயனாம்சம்.

"முந்நூறு வருஷத்துக்கு எவ்வளவு நகரும்?"

"நாலு பாகை இருக்கும். ஏன்?"

"முந்நூறு வருஷம் இல்லவே இல்லன்னா நாலு பாகை கூடக் கழிச்சிருப்பாங்க, அப்படித்தானே?"

"இல்ல, இல்ல. நட்சத்திரம் வானத்துல இருக்கு, காலண்டர்ல இல்ல. நீ காலண்டர்ல எத்தனை தாளைக் கிழிச்சாலும்..."

"சரி சரி," என்றாள். "தீபாவளிக்கு வீட்டுக்கு வா. அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா."

"உங்கப்பா முகத்துல எப்படி முழிக்கிறது?"

"தீபாவளிக்கு வர்றவங்கள எந்த வீட்டுலயும் வெளிய நிப்பாட்ட மாட்டாங்க. வா."

அது உண்மை. இந்த நாட்டில் பெருநாள் அன்று வீட்டுக் கதவு திறந்திருந்தால் யாரும் போகலாம். சண்டைக்காரனும் முறுக்கைக் கடித்துவிட்டுத்தான் வரவேண்டும். அம்மா வரமாட்டேன் என்றார். பிறகு, அவமானப்பட்டது போதாது, மீதியையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு அதே காஞ்சிபுரத்தைக் கட்டினார்.

அவர்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. ஹால் நிறைய ஆட்கள். அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள் மூன்று நான்கு பேர் சோபாவை நிரப்பி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நீளக்கை பாத்திக். நடுவில் அவர். நாங்கள் நுழைந்தபோது சரியாக ஏழாம் நூற்றாண்டில் இருந்தார். வந்தவர்களுக்கு இட்லியோடு இதையும் பரிமாறிக்கொண்டிருந்தார் போலும். எங்களைப் பார்த்ததும் பேச்சு ஒரு நொடி தடுமாறியது. "வாங்கோ," என்றார். நாங்கள் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

அவள் ஆரஞ்சுத் தண்ணீர்த் தட்டோடு வந்து என் முன்னால் குனிந்தாள். "அப்பா உன்ன ஏதாச்சும் கேட்டா, தெரியல அங்கிள்னு மட்டும் சொல்லு."

"என்ன கேப்பாரு?"

"தெரியல அங்கிள். ரெண்டே வார்த்தை. முடியும்ல?"

தட்டோடு அவர் பக்கம் போனாள். நண்பர் ஒருவர், "அப்ப நாங்கள் இப்ப உண்மையில எந்த நூற்றாண்டில நிக்கிறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினெட்டாம் நூற்றாண்டு," என்றார் அவள் அப்பா கம்பீரமாக.

"அலமாக், அப்ப என்ட பென்ஷன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவள் கேட்டாள். "அப்பா, அந்த முந்நூறு வருஷம் நடக்கவே இல்லை எண்டது உங்களுக்கு நிச்சயமோ?"

"நூறு வீதம் நிச்சயம். ஆதாரம் எல்லாம் காட்டினன்தானே."

"அப்ப பஞ்சாங்கமும் பிழைதானே அப்பா."

ஹாலில் முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல் விளக்கினாள். அயனாம்சம் ஆண்டை எண்ணித்தான் கழிக்கிறார்கள். நடக்காத முந்நூறு ஆண்டையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். ஆகவே எல்லாருடைய சாதகத்திலும் நாலு பாகை அதிகமாகக் கழித்திருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கூட்டினால் எல்லாருடைய சந்திரனும் நாலு பாகை முன்னே போகும். அவளுடைய சந்திரன் மிருகசீரிடத்தின் தொடக்கத்தில் இருந்தது. நாலு பாகை போனாலும் மிருகசீரிடந்தான். என்னுடையது சித்திரையின் கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு பாகை போனால் சுவாதி. சுவாதி கழுத்துக் கூட்டம்.

"ரஜ்ஜு தட்டாது அப்பா," என்றாள். "பொருத்தம் இருக்கு."

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மெதுவாக, "என்னடா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றார். நான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்திருந்தேன். ஏனென்றால் அது தப்பு. ஒவ்வொரு படியும் ஒழுங்காக இருந்தது, அடித்தளமே தப்பு. மற்ற எதுவும் போகட்டும். சித்திரை நட்சத்திரம் வானத்தில் பளிச்சென்று நிற்கிறது, அதைக் கண்ணால் பார்த்து அளந்துதான் அந்தக் கணக்கையே கட்டியிருக்கிறார்கள்.

அவள் அப்பா அவளைப் பார்த்தார். நண்பர்களைப் பார்த்தார். அந்த முகத்தில் கணக்கு ஓடியது எனக்கே தெரிந்தது. முந்நூறு ஆண்டு நடந்தது என்று ஒப்புக்கொண்டால் ரஜ்ஜு தட்டும், பெண் தப்பிப்பாள். ஆனால் காலையிலிருந்து இட்லியோடு பரிமாறியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நடக்கவில்லை என்றால் மானம் மிஞ்சும். மருமகனாக நான் வருவேன். வழி தேடிச் சுற்றிய கண் சுவரோரத்தில் வந்து நின்றது.

"நீர் சொல்லும் தம்பி. நீர்தானே வரலாறு படிச்சனீர். என்ட மகள் சொல்றது சரியோ?"

நல்ல தந்திரம். நான் சரி என்றால், பெண்ணுக்காகக் கொள்கையை விற்றவன். தவறு என்றால், என் வாயாலேயே பொருத்தம் முறிந்தது; அவர் மேல் பழி இல்லை. அலுவலகத்தில் வருகிற கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டே காலத்தை ஓட்டியவர், இதையும் என் மேசைக்குத் தள்ளினார்.

ரெண்டே வார்த்தை. தெரியல அங்கிள். அம்மாவின் நகம் கையில் பதிந்தது.

"இல்ல, அங்கிள்," என்றேன். "அந்த முந்நூறு வருஷமும் நடந்துச்சு. ஒரு நாள் குறையாம நடந்துச்சு. நட்சத்திரம் எங்கயும் நகரல. நான் சித்திரைதான்."

"படுபாவி," என்றார் அம்மா, ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அதோடு அவள் அப்பா பேசாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் தெப்ராவிலிருந்து கெலாங் பாத்தாவுக்கு அவளைப் பார்க்கப் போய்வந்துகொண்டு மட்டுமே இருப்பேன். அவருக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. ஆனால் சோபாவில் இருந்த நண்பர் ஒருவர் தலையை ஆட்டி, "பெடியன் சொல்றதில நியாயம் இருக்குப் போல," என்றார். இன்னொருவர், "ஓம், படிச்ச பெடியன்தானே," என்றார்.

அவ்வளவுதான். அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்ன நியாயம்? என்ன படிப்பு?" என்று எழுந்து நின்றார். "புத்தகத்தில வெள்ளைக்காரன் எழுதினதை அப்பிடியே பாடமாக்கி வச்சுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லித்தாறியோ? அந்த முந்நூறு வருஷம் இல்லை!"

"இருக்கு அங்கிள். சீனாவுல கிரகணம்..."

"சீனாக்காரனுக்கும் பிழை!"

"மாமல்லபுரம்..."

"இல்லை எண்டால் இல்லை! நட்சத்திரம் நகரேல்லையோ? நகர்ந்தது! நாலு பாகை நகர்ந்தது! என்ட மகள் கணக்குப் போட்டால் பிழைக்காது, அவள் சிங்கப்பூரில அதுக்குத்தான் சம்பளம் வாங்கிறாள். நீர் சித்திரை இல்லை. நீர் சுவாதி!"

"நான் சித்திரை, அங்கிள்!"

"சுவாதி எண்டு சொல்றன்!"

நான் பிறந்த நட்சத்திரத்துக்காக ஒருவரோடு அப்படிக் கத்துவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அதில் நம்பிக்கைகூடக் கிடையாது. ஆனால் ஐரோப்பாவின் முந்நூறு ஆண்டு, அத்தனை கோடி மனிதர்கள் பிறந்து உழுது பெற்றுச் செத்த முந்நூறு ஆண்டு, அந்த நேரத்தில் என் ஒருவன் தலைமேல்தான் நின்றது. கணக்கில் இல்லாத ஆட்கள் என்றால் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பழக்கம். என் தாத்தா எந்த ஆண்டு பிறந்தார் என்று எங்கேயும் எழுதி இருக்கவில்லை. அதற்காக அவர் பிறக்காமல் இல்லை.

பென்ஷனைக் கேட்ட நண்பர்தான் மெதுவாக இடையில் புகுந்தார். "அப்ப ரஜ்ஜு தட்டேல்லை எண்டு சொல்லுறீர்?"

"தட்டேல்லை!" என்றார் அவள் அப்பா.

"அப்ப பொருத்தம் இருக்கு."

"இருக்கு! நூறு வீதம் இருக்கு!"

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. தூக்கிய கை மேலேயே நின்றுவிட்டது. ஹாலில் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். திரும்பப் போக ஒரே வழிதான் இருந்தது: அந்தப் பையன் சொன்னதுதான் சரி என்று நண்பர்கள் முன்னால் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆளுக்குப் பெண் கொடுப்பதா, தோட்டத்து ஆளிடம் தர்க்கத்தில் தோற்பதா என்று அவர் நின்று யோசித்தார். நெடுநேரம் யோசிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் சொன்னால் சொன்னதுதான்," என்றார்.

அப்பா அதற்குள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்குச் சரக்கை எப்போது தூக்க வேண்டும் என்று தெரியும். நேரே போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி!" என்றார்.

நண்பர்கள் கைதட்டினார்கள். அவளுடைய அம்மா சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். அவளைப் பார்த்தேன். நான் அவள் சொல்லை மீறிவிட்டேன்; தெரியல அங்கிள் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. போட்ட கணக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிறவள்போல டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடச் சரியில்லை. அத்தனை பேர் முன்னாலும் நான் தோற்றதாகத்தான் ஆகிவிட்டது. இப்போதாவது அந்தப் பத்து நாள் கணக்கை விளக்கிவிடலாம் என்று, "ஆனா அங்கிள்..." என்று தொடங்கினேன்.

அம்மா பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து என் வாயில் திணித்தார்.

"சுவாதி," என்றார் அம்மா. "என் புள்ள சுவாதி. முழுங்குடா."